உயிருள்ள குப்பியும் உயிரில்லாத குப்பியும்

இருபத்தாறு வருடம் அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் ஊர் ஊராகச் சொல்லிவந்தது ஒரே ஒரு விஷயம்தான். பாக்கெட்டுக்குள் இருக்கும் கறுப்புத் தூளுக்கு உயிர் இருக்கிறது. போர்ட் பிளேருக்கு வடக்கே, தீவில் இருக்கும் மாயாபந்தரில் விவசாயிகளுக்கு விதையும் உரமும் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. அந்தத் தூளுக்கு உயிர் உரம் என்று பெயர். அதில் இருப்பது பாக்டீரியா. ஆறிய கஞ்சியில் குழைத்து நெல் விதையோடு கலந்து விதைத்தால், அது மண்ணுக்குள் பெருகி, காற்றில் இருக்கும் தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கும். ஆனால் அது உயிரோடு வயலுக்குப் போய்ச் சேர வேண்டும். வெயிலில் வைத்தால் செத்துப்போகும். யூரியாவோடு ஒரே தொட்டியில் கலந்தாலும் உருப்படாது.

இதைச் சொல்வதற்கென்று என்னிடம் ஒரு பிரசங்கம் இருந்தது. ஆள்காட்டி விரலைத் தூக்கிக்கொண்டு, தீவு ஹிந்தியில், "பாக்டீரியா ஜிந்தா ஹை!" என்று ஆரம்பிப்பேன். உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த வரி, "பெற்ற பிள்ளையை யாராவது வெயிலில் காயப்போடுவார்களா?" அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்ப்பேன். வங்காளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர், மலையாளி என்று எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். என் தமிழ் வாடை அடிக்கும் ஹிந்தியை நினைத்துத்தான் குனிந்தார்களோ என்னவோ, நான் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதை ஒரு குறை என்று நான் நினைத்ததேயில்லை. வேலையில் அக்கறை உள்ளவனுக்கு வரும் கோபம் என்று எனக்கு நானே நற்சான்று எழுதிக்கொடுத்திருந்தேன்.

பத்து வருடம் இருக்கும். ரங்கத் போகிற வழியில் உள்ள ஒரு வங்காளிக் கிராமத்தில் பயிற்சி முகாம் நடத்தினோம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் பெரிய விழா எடுத்து, மேடை போட்டு, உயிர் உர பாக்கெட்டுகளை விநியோகித்திருந்தோம். முகாமில் ஒரு விவசாயி எழுந்தார். நல்ல உயரம், தோளில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. கையில் பாதி தீர்ந்த பாக்கெட். "சாப், நீங்க கொடுத்ததைக் கலந்துதான் விதைச்சேன். பக்கத்து வயலுக்கும் என் வயலுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையே, ஏன்?" என்று கேட்டார்.

பாக்கெட்டை எங்கே வைத்திருந்தீர் என்று கேட்டேன். எலி கடிக்காமல் இருக்க மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரைமேல் வைத்ததாகச் சொன்னார். எதோடு கலந்தீர் என்றேன். யூரியா கரைத்த தொட்டியிலேயே என்றார்.

அவ்வளவுதான். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஆளிடம் கிடைத்துவிட்டது. நாற்பது பேருக்கு முன்னால் அவரை நிற்கவைத்து முழுப் பிரசங்கத்தையும் நடத்தினேன். "எத்தனை கோடி உயிரைக் கொன்றிருக்கிறீர் தெரியுமா?" என்று அன்று புதிதாக ஒரு வரி வேறு வந்து விழுந்தது. அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "ஜி சாப், ஜி சாப்" என்று, ஆமாம் ஐயா போட்டுக்கொண்டே நின்றார். பிறகு எல்லாருக்கும் டீயும் சமோசாவும் கொடுத்தோம். அவர் சாப்பிடாமல் போய்விட்டார். சமோசா நன்றாக இருந்தது என்பதுதான் எனக்கு நினைவு.

இனி என் வயிற்றுக்கு வருகிறேன். போன வருடம் படகு நிற்கும் ஜெட்டிப் பக்கம் ஒரு பழைய பலகையை மிதித்துத் துருப்பிடித்த ஆணி காலில் ஏறிவிட்டது. ஊசி போட்டு, ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். புண் ஆறினதுபோல் ஆறி மறுபடியும் சீழ் வைத்ததால் இரண்டாவது தடவையும் அதே மாத்திரை. கால் பிழைத்தது, வயிறு போய்விட்டது. முக்கியமாகப் பால் ஆகவில்லை. அரை டம்ளர் பால் டீ குடித்தால் போதும், வயிறு உப்பி, உள்ளே கப்பல் எஞ்சின் ஓடும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு நடப்பதைக் கௌரவமான மனிதன் எழுதக் கூடாது.

எங்கள் தீவுகளை மினி இந்தியா என்று எல்லா மேடையிலும் சொல்வார்கள். அது உண்மையில் முழுதாக நிறைவேறியது என் வயிற்றில்தான். மலையாளி சீரகத் தண்ணீர் கொண்டுவந்தார். தெலுங்கர் மோரில் ஏதோ பொடி கலந்து கொடுத்தார். ராஞ்சிக்காரர் ஒரு காட்டு வேரை அரைத்துக் கொடுத்து, இதைக் குடித்தால் கல்லும் ஜீரணம் ஆகும் என்றார். கல்லை நான் சாப்பிடவில்லை, பால்தான் என்று சொல்லியும் அவர் விடவில்லை. ஒவ்வொருவர் மனசும் கோணக் கூடாதே என்று எல்லாவற்றையும் குடித்தேன். தேசிய ஒருமைப்பாடு மூன்று நாள் என்னைப் படுக்கவைத்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் என் மகன் வாயைத் திறந்தான். அவன் ரங்கத்தில் வேலையில் இருக்கிறான். அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் ஒரு வங்காளிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னான். தீவில் இது ஒன்றும் அதிசயமில்லை. மெயின்லேண்டில் ஜாதகம் பார்க்கிறார்கள் என்றால், இங்கே கப்பல் டிக்கெட் கிடைக்குமா என்று பார்ப்போம், மற்றதெல்லாம் தானாக நடக்கும். பெண்ணின் போட்டோவைப் பார்த்ததும் என் மனைவி சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கண்ணாடியைத் தேடினாள். பிடித்துவிட்டது என்று அதிலேயே தெரிந்தது.

"ஆனா ஒரு விஷயம்ப்பா," என்றான் மகன். "அவங்க பாபாவுக்கு உங்களைத் தெரியுமாம்."

"நல்லதாப் போச்சு. எப்படி?"

"நீங்க அவரைத் திட்டியிருக்கீங்க."

"எப்போ?"

"அதைத்தான் நானும் கேட்டேன். பாக்கெட், தகரக் கூரை, நாப்பது பேர்னு சொன்னார்."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இன்னொரு தடவை தாங்க முடியாது. "உங்க வாய் இருக்கே," என்று மட்டும் சொன்னாள். மீதியை அடுத்த ஒரு வாரம் தவணை முறையில் சொன்னாள்.

பெண்ணின் அப்பா மறுக்கவில்லையாம். "உன் அப்பா என் வீட்டுக்கு வரட்டும். நான் கொடுக்கிறதை உட்கார்ந்து சாப்பிடட்டும். அப்புறம் பேசலாம்" என்று சொல்லியிருந்தார். அன்று நாங்கள் கொடுத்த டீயைத் தொடாமல் போனவர் சொல்கிற நியாயம்தானே அது? அவர் வீட்டில் என்ன கொடுப்பார்கள் என்று கேட்டேன்.

"எட்டு மாடு வெச்சிருக்காங்கப்பா," என்றான் மகன். "வர்றவங்களுக்கு முதல்ல பெரிய வெண்கல டம்ளர்ல பால். அப்புறம் பாயேஷ், நம்ம பாயசம் மாதிரி. குடிக்கலேன்னா ரொம்ப புரா மான்வாங்க."

குடிக்காவிட்டால் மனம் புண்படுவார்கள். குடித்தால் என் மானம் போகும். மகனின் கல்யாணம் என் சிறுகுடலில் வந்து தொங்கியது.

என் மனைவிக்குச் சென்னையில் ஒரு தம்பி உண்டு. மருத்துவம் படித்தவன் இல்லை, ஆனால் வாட்ஸ்அப் படித்தவன். கேள்வி கேட்பதற்குள் பதில் அனுப்புவான். "அத்தான், உங்களுக்குக் குடல்ல நல்ல பாக்டீரியா செத்துப்போச்சு. ப்ரோபயாடிக் அனுப்பறேன். கூடவே டைஜஸ்டிவ் என்சைமும் அனுப்பறேன். ரெண்டையும் போடுங்க, கல்யாணத்துல நீங்கதான் டான்ஸ் ஆடுவீங்க," என்று குரல் செய்தி வந்தது.

இரண்டு குப்பிகளும் விமானத்தில் வந்த ஒருவர் கையோடு போர்ட் பிளேர் வந்து சேர்ந்தன. ஊரின் பெயரை மாற்றிவிட்டார்கள், எங்கள் வாய் இன்னும் மாறவில்லை. அங்கிருந்து மாயாபந்தருக்கு வழக்கம்போல் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார்கள். எங்கள் ஊரில் சாவி, மருந்து, பூமாலை, கோர்ட் காகிதம் எல்லாம் அப்படித்தான் வரும். டிரைவர் பொறுப்பான மனிதர். பார்சல் தன் கண்ணிலேயே இருக்க வேண்டுமென்று பக்கத்தில் இருக்கும் எஞ்சின் பெட்டியின்மேல் வைத்துக்கொள்வார். இரண்டு குப்பிகளும் அந்தச் சூட்டில் அமர்ந்து, காடு கடந்து, பாராடாங்கில் பஸ்ஸோடு படகேறி இறங்கி, பத்து மணி நேரம் பயணம் செய்து வந்தன. கையில் வாங்கும்போது ஆப்பம்போல் இளஞ்சூடாக இருந்தன.

ஒன்றின்மேல் எத்தனையோ கோடி உயிர் இருப்பதாக எழுதியிருந்தது. இன்னொன்றில் பாலைச் செரிக்கும் என்சைம் என்று மட்டும் இருந்தது. அரசாங்க ஊழியனுக்கு எண்ணிக்கை என்றால் மரியாதை. கோடிக்கணக்கில் ஆள் இருப்பதுதான் பெரிய அதிகாரி என்றும், மற்றது உதவியாளர் என்றும் முடிவு செய்தேன். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே இருந்த காகிதத்தை விரித்தாள்.

"ஏங்க, இதுல என்னமோ போட்டிருக்கு. படிக்கட்டா?"

"வேண்டாம். பாக்டீரியாவோட நான் இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தினவன். எனக்கே சொல்லித் தர்றியா?"

அதன்படி ஒரு நிர்வாகம் நடந்தது. அதிகாலையில் வெறும் வயிற்றில், குளித்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு என்சைம். காலை உணவு முடிந்ததும், கால் புண்ணுக்கு அப்போது மூன்றாவது தடவையாக ஓடிக்கொண்டிருந்த ஆன்டிபயாடிக்கும் ப்ரோபயாடிக்கும் ஒரே விழுங்கில். விழுங்குவதற்குக் கொதிக்கிற கடுங்காப்பி. இப்படி ஆறு நாள். ஏழாம் நாள் சோதனை ஓட்டமாக அரை டம்ளர் பால் குடித்தேன். ஒரு மணி நேரத்தில் கப்பல் எஞ்சின் முழு வேகத்தில் கிளம்பிவிட்டது. மச்சினனைப் பற்றி நான் அன்று சொன்னதையெல்லாம் கழிவறைக் கதவு மட்டுமே கேட்டது.

கால் புண்ணைக் காட்டப் போன இடத்தில் வயிற்றையும் சொன்னேன். டாக்டர் இளம் பெண், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். என் ஆறு நாள் நிர்வாகத்தைச் சொல்லச் சொல்ல அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், நீங்க விவசாய ஆபீஸ்தானே? உங்க பாஷையிலேயே சொல்றேன். ஒண்ணு ஆளு, இன்னொண்ணு அரிவாளு."

"அப்படின்னா?"

"ப்ரோபயாடிக்ங்கறது உயிருள்ள கிருமி. ஆளு மாதிரி. அது உசுரோட குடலுக்குப் போய்ச் சேரணும், அங்க இருக்கற மத்த கிருமிங்களோட சேர்ந்து வேலை செய்யணும். இன்னைக்குப் போட்டு இன்னைக்கே பலன் தெரியாது, சில வாரம் ஆகலாம். எல்லாருக்கும் கேக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பெரும்பாலும் அதுங்க அங்கயே நிரந்தரமாத் தங்கறதும் இல்லை."

"டெபுடேஷன்ல வர்ற ஆபீசர் மாதிரியா?"

"அப்படியே வெச்சுக்கோங்க. என்சைமுக்கு உயிரே கிடையாது. அது சாப்பாட்டை வெட்டற கருவி. உங்க உடம்பே அதைச் செஞ்சுக்கும். பாலை வெட்டற அரிவாள் உங்க குடல்ல இப்போ குறைஞ்சிருக்கு, அதான் பால் அப்படியே கீழே போய்ப் புளிச்சு உப்புது. வெளியிலேருந்து அந்த அரிவாளைக் கொடுத்தா, பாலோட சேர்ந்து போனாத்தான் வெட்டும். நீங்க விடிகாலையில வெறும் வயித்துல போட்டீங்க. நெல்லே இல்லாத வயல்ல ஆறு நாள் அரிவாளை வீசிட்டு வந்திருக்கீங்க."

"அந்த ஆளுங்க?"

"அவங்களைக் கிருமியைக் கொல்ற மாத்திரையோட ஒரே நேரத்துல அனுப்பியிருக்கீங்க. மேல கொதிக்கிற காப்பி வேற. ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடணும் சார். இந்த வகையை ஃப்ரிட்ஜில வைக்கணும்னு குப்பியிலயே போட்டிருக்குமே, பாக்கலையா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "இதைத்தானேங்க நீங்க ஊர் ஊராப் போயிச் சொல்றீங்க? வெயில், கலக்கறது, எல்லாம்?" என்றாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டு எழுதினார். ஊருக்குத்தான் உபதேசம் என்பது எனக்காகவே யாரோ சொல்லிவைத்தது.

பெண் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒத்திகை பார்த்தேன். பாலின் முதல் வாயோடு ஓர் என்சைம் மாத்திரை. கப்பல் எஞ்சின் கிளம்பவில்லை. மனைவி கற்பூரம் ஏற்றினாள். ப்ரோபயாடிக் குப்பியைச் சாஸ்திரத்துக்குக் குளிர்பெட்டியில் வைத்து, அதையும் வேளை தவறாமல் போட்டேன். எஞ்சின் பெட்டிமேல் வந்த கூட்டத்தில் எத்தனை பேர் உயிரோடு மிச்சமோ, அது அவர்களுக்கே வெளிச்சம்.

குறித்த நாளில் எங்கள் பழைய காரில் மூன்று பேரும் கிளம்பினோம். என்சைம் குப்பி என் சட்டைப் பையில் துருத்திக்கொண்டு, சம்பந்தம் பேசப் போகிறவனைவிட மருந்துக் கம்பெனி ஆளைப்போல் என்னைக் காட்டியது. மனைவி சொன்னாள் என்று எடுத்துக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவதற்கென்று எடுத்துவந்த ப்ரோபயாடிக் குப்பியையும் அதன் பக்கத்தில் வைத்தேன். ஒன்றரை மணி நேரம் நல்ல வெயில். இறங்கும்போது என்சைமைப் பையில் போட்டுக்கொண்டு, பால் வந்ததும் யாரும் பார்க்காமல் வாயில் போட்டுக்கொள்வது என் திட்டம். மாத்திரை போட்டுக்கொண்டு ஒருவர் வீட்டுப் பாலைக் குடிப்பது, அந்தப் பாலுக்கே அவமானம் அல்லவா?

கார் நின்றதும் அவரே வாசலுக்கு வந்துவிட்டார். அதே உயரம், தலை மட்டும் நரைத்திருந்தது. தோளில் அதே மாதிரித் துண்டு. "ஆயியே, சாப்," என்று கும்பிட்டவர், என் பக்கத்துக் கதவைத் திறக்க வந்த இடத்தில் அப்படியே நின்றார். அவர் கண் முன்கண்ணாடிக்குக் கீழே இருந்தது. கையை விட்டு இரண்டு குப்பிகளையும் எடுத்தார். மகளைக் கூப்பிட்டு, இதில் என்ன எழுதியிருக்கிறது, படி என்றார்.

அந்தப் பெண் படித்துவிட்டு என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "உயிருள்ள பாக்டீரியா. குளிர்ந்த இடத்தில் வைக்கணும். வெயில் படக் கூடாது," என்று ஹிந்தியில் மெல்லச் சொன்னாள்.

வாசலில் அவர் வீட்டு ஆட்கள், அண்டை வீட்டார் எல்லாம் சேர்ந்து பதினைந்து பேர் இருப்பார்கள். அவர் ஆள்காட்டி விரலைத் தூக்கினார்.

"பாக்டீரியா ஜிந்தா ஹை!"

என் குரல்தான். என் இழுவை, என் தமிழ் வாடை, எல்லாம் அச்சு அசலாக இருந்தது. "பெற்ற பிள்ளையை யாராவது வெயிலில் காயப்போடுவார்களா?" என்று கேட்டு, நான் நிறுத்துகிற அதே இடத்தில் நிறுத்திக் கூட்டத்தைப் பார்த்தார். "எத்தனை கோடி உயிரைக் கொன்றிருக்கிறீர் தெரியுமா?"

கூட்டம் சிரித்தது. என் மனைவி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். என் கை தானாகத் தோளுக்குப் போய், அங்கே இல்லாத துண்டைத் தேடியது. "ஜி சாப்," என்றேன். வேறென்ன சொல்வது?

அவரும் சிரித்துவிட்டார். என் முதுகில் தட்டி உள்ளே அழைத்துப்போனார். போகிற போக்கில் இரண்டு குப்பிகளையும் குளிர்பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். உயிர்களைக் காப்பாற்றிய திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. என் அரிவாளும் உள்ளே மாட்டிக்கொண்டது.

உட்கார்ந்ததும் பால் வந்தது. வெண்கல டம்ளர் நான் பயந்ததைவிடப் பெரியது. மேலே ஆடை, அதன்மேல் ஏலக்காய். மகன் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது கெஞ்சல். குப்பியைக் கேட்டால் பாலுக்கு அவமானம், கேட்காவிட்டால் எனக்கு. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, நேரம் கடத்துவதற்காக, "இந்த வருஷம் உயிர் உரம் வாங்கினீர்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அன்றைக்கப்புறம் நான் வாங்குறதே இல்லை, சாப்," என்றார். சிரிப்பு இல்லை இப்போது. "நீங்க சொன்னது சரிதானே. தப்பு என் மேலே. வீட்டுக்கு வந்து மிச்சத் தூளைப் பாக்கு மரத்தடியில் புதைச்சேன். வீட்டில் எல்லாரும் சிரிச்சாங்க, எனக்குச் சிரிப்பு வரலை. கோடி உயிர்னு சொன்னீங்களே. ஒவ்வொரு வருஷமும் உங்க ஆபீஸ்லேருந்து பாக்கெட் வரும். நான் தொட மாட்டேன். என் கை அதுக்கு ராசியில்லைன்னு விட்டுட்டேன்."

பத்து வருடம். ஓர் ஆள் தன் கையைத் தானே நம்பாமல் பத்து வருடம் நெல் விதைத்திருக்கிறார். எனக்கு உடம்பு கூசியது.

ஏனென்றால் இந்தக் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. அந்தப் பாக்கெட்டுகள் கப்பலில் வந்து இறங்கியது கோடை தொடங்குவதற்கு முன்னால். விழாவுக்குத் தலைமை தாங்க வேண்டியவர் தேதி கொடுத்தது மழை பிடித்த பிறகு. இடையில் அத்தனை மாதமும் அவை எங்கள் தகரக் கூரைக் கிடங்கில்தான் கிடந்தன. உள்ளே போனால் முட்டை அரைவேக்காடு ஆகும் கிடங்கு அது. குளிர்ந்த இடத்துக்கு மாற்றலாமா என்று நான் ஒரு குறிப்பு எழுதினேன். கோப்பு மேலே போனது, கீழே வரவில்லை. நான் திரும்பக் கேட்கவும் இல்லை. விழா நடந்தது, போட்டோ எடுத்தார்கள், மேடையில் வைத்துச் சவத்தை விநியோகித்தோம். முகாமில் அவர் எழுந்து ஏன் என்று கேட்டபோது, காரணம் எனக்கு அந்தக் கணமே தெரியும். அவர் வாயிலிருந்து தகரக் கூரை என்ற வார்த்தை வந்ததும் எனக்கு வந்தது கோபமே இல்லை. அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியில்தான் அவ்வளவு சத்தம் போட்டேன்.

முழுப் பூசணிக்காயைப் பத்து வருடம் சோற்றில் மறைத்துவைத்திருந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், கிடங்கு, கோப்பு, விழா, எதையும் விடாமல். என் ஹிந்தி வழக்கத்தைவிடக் கேவலமாக வந்தது. மகன் தரையைப் பார்த்தான். கல்யாணம் போச்சு என்று அவன் நினைத்தது எனக்குக் கேட்டது.

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ நான் கொல்லலையா?"

"இல்லை. உங்கள் கைக்கு வரும்போதே செத்துப்போயிருந்தது."

"பக்கா?"

"பக்கா. நான்தான் கிடங்கில் வைத்தவன்."

அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். வாசற்படியில் நின்ற தன் மனைவியிடம் வங்க மொழியில் ஏதோ சொன்னார், அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, பால் ஆறுகிறதே, ஏன் குடிக்கவில்லை என்று கேட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? பால் எனக்கு ஒத்துக்கொள்ளாததையும், குளிர்பெட்டியில் இருக்கும் இரண்டு குப்பிகளில் ஒன்று ஆள், ஒன்று அரிவாள் என்பதையும், அரிவாள் இல்லாமல் இந்த டம்ளரைக் குடித்தால் திரும்பிப் போகும் வழியெல்லாம் காரை நிறுத்த வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னேன்.

அவர் எழுந்துபோய் இரண்டு குப்பிகளையும் எடுத்துவந்தார். மகளிடம் காட்டி, எதற்கு உயிர் இல்லை என்று கேட்டார். அவள் ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். அதிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது ஜிந்தா இல்லைதானே, சம்தி ஜி?" என்றார். சாப் போய்ச் சம்பந்தி ஆகிவிட்டேன். "அப்போ தைரியமாச் சாப்பிடுங்க. இதை உங்க ஆபீஸால கொல்ல முடியாது."

மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, டம்ளர் காலியாகும்வரை குடித்தேன்.